கல்லூரி அணி தொழில்முறை அணியை வெல்லுமா?

கிளிநொச்சியில் ஒரு மாலைப்பொழுது. பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியொன்றின் இறுதியாட்டம் முடிந்து, ஏ9 வீதியோரத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தேன். அடுத்த வாங்கில் நான்கைந்து இளைஞர்கள் இருந்தனர். வென்ற கல்லூரியின் பழைய மாணவர்கள் என்பது அவர்கள் பேசிய உற்சாகத்திலேயே தெரிந்தது. அவர்களுள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, நீங்கள் பேப்பரில எழுதுறவர்தானே? ஒரு கேள்வி. எங்கட பொடியளை இப்பிடியே கொண்டுபோய்க் கொழும்பில சம்பளத்துக்கு விளையாடுற ரீமோட இறக்கினால் வெல்லுவாங்களோ, மாட்டாங்களோ?"

நான் வாய் திறக்குமுன் அவரது நண்பர் முந்திக்கொண்டார். "வெல்லுறதோ? அரை மணித்தியாலம் தாக்குப்பிடிச்சாலே காணும்."

"ஒருநாள் வெல்லலாம், தம்பி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "இது ரெண்டு பக்கமும் சாயிற பேப்பர்க்காரர் பதில், ஐயா" என்றார் முதலில் கேட்டவர். அந்தச் சிரிப்பு நியாயமானதே. முப்பதாண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிவரும் ஒருவன் இதைவிடத் தெளிவான பதிலொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முனைகிறேன்.

இந்தக் கேள்வி கிளிநொச்சித் தேநீர்க் கடையில் பிறந்ததன்று. உதைபந்தாட்டத்திற்கு விதிகள் எழுதப்பட்ட நாட்டிலேயே, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இது மைதானத்தில் நேருக்கு நேர் சோதிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணம் 1872 இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. முதற் பத்தாண்டுகளில் அதனை வென்றோர் பெரும்பாலும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் கல்லூரிகளின் பழைய மாணவர்கள், பல்கலைக்கழகத்தினர், படை அதிகாரிகள் ஆகியோரே. 1882 இறுதியாட்டத்தில் ஈற்றன் கல்லூரியின் பழைய மாணவர் அணி, வடக்கிலிருந்து வந்த பிளக்பேர்ண் றோவர்ஸ் அணியை 1–0 என வென்றது. மறு ஆண்டும் அவ்வணி இறுதியாட்டத்துக்கு வந்தது. இம்முறை எதிரணி அதே நகரின் இன்னொரு கழகமான பிளக்பேர்ண் ஒலிம்பிக். நெசவாலைத் தொழிலாளரும் குழாய் பொருத்துநரும் நூல் நூற்போரும் ஆடிய அணி அது. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவதை விதிகள் அப்போது அனுமதிக்கவில்லை. ஆயினும் நகரின் இரும்பு வார்ப்பாலை உரிமையாளர் ஒருவரின் பணம் அந்த அணியின் பின்னால் இருந்தது. முக்கியமான ஆட்டங்களுக்கு முன்னர் அணியை வேலையிலிருந்து விடுவித்து, பிளக்பூல் கடற்கரைக்கு அழைத்துச் சென்று தங்கவைத்துப் பயிற்சியளித்தார்கள். இன்று 'பயிற்சி முகாம்' என நாம் சாதாரணமாகச் சொல்வது அந்நாளில் புதுமை.

1883 மார்ச் 31 ஆம் திகதி இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் முதலில் கோல் போட்டவர்கள் கல்லூரிக் கனவான்களே. தொழிலாளர் சமன் செய்தனர். ஈற்றன் அணியில் ஒருவர் காயப்பட்டு வெளியேறினார். மாற்று வீரரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மேலதிக நேரத்தில், களைத்துப்போன பத்துப் பேருக்கு எதிராக ஒலிம்பிக் இரண்டாவது கோலைப் போட்டு 2–1 என வென்றது. அதன் பின்னர் கல்லூரிப் பழைய மாணவர் அணியெதுவும் அக்கிண்ணத்தைத் தொடவில்லை. 1885 இல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது.

இக்கதையில் நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கால்த்திறன் ஒரே ஆண்டுக்குள் இடம் மாறிவிடவில்லை. மாறியது, ஏழைத் தொழிலாளிக்கு ஆட்டத்துக்கெனக் கிடைத்த சில நாள் ஓய்வும், ஒழுங்கான உணவும், கூட்டுப் பயிற்சியுமே. அதற்கு மறுபக்கமும் உண்டு. அதே ஒலிம்பிக் கழகம், சம்பளம் சட்டமான பின்னர், கூடிய பணம் படைத்த கழகங்களோடு போட்டியிட முடியாமல் 1889 இல் மூடப்பட்டது. தொழில்முறையின் வாசலைத் திறந்தவர்களே அதற்குள் வாழ முடியாது போயினர்.

அப்படியானால் கல்லூரிக்காரர் அத்தோடு ஒழிந்தார்களா? இல்லை. 1882 இல் இலண்டனில் 'கொறிந்தியன்' என்றொரு கழகம் தொடங்கப்பட்டது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் பெரிய கல்லூரிகளிலும் பயின்றவர்களுள் தேர்ந்தவர்களை ஒன்றுசேர்த்த அணி அது. ஒருவரும் சம்பளம் வாங்கவில்லை. 1884 இல், அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்றிருந்த பிளக்பேர்ண் றோவர்ஸை 8–1 எனத் தோற்கடித்தார்கள். 1903 இறுதியாட்டத்தை 6–0 என வென்று புகழ்பெற்றிருந்த தொழில்முறை அணியான பெரியை, மறு ஆண்டில் 10–3 என வென்றார்கள். அதே 1904 இல் மன்செஸ்ரர் யுனைற்றட்டும் 11–3 என அவர்களிடம் தோற்றது. இன்று உலகமெங்கும் இரசிகர்களைக் கொண்ட அக்கழகம் அப்போது இரண்டாம் பிரிவில்தான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இந்த எண்களைத் தேநீர்க் கடையில் சொல்லியிருந்தால் முதலில் கேட்ட இளைஞர் மேசையில் தட்டியிருப்பார். ஆனால் கொறிந்தியன் ஒரு கல்லூரியின் அணியன்று. பல கல்லூரிகளின் தேர்வு. 1894 இலும் 1895 இலும் வேல்ஸுக்கு எதிராக இறங்கிய இங்கிலாந்து அணியின் பதினொருவரும் கொறிந்தியன் வீரர்களே. ஒரு நாட்டின் அணியாகவே நிற்கக்கூடிய தேர்வு அது.

இதே கேள்வியை அமெரிக்கர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் 'புட்போல்' என்று சொல்வது நம்முடைய உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி மோதிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம் அது. ஆயினும் கேள்வி அதுவேதான். 'சிக்காகோ ரிபியூன்' பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் என்பவரின் முயற்சியால், 1934 ஓகஸ்ட் 31 ஆம் திகதி, நாட்டின் கல்லூரிகளில் அவ்வாண்டு ஆடி முடித்த மிகச் சிறந்தவர்களின் அணியும் தொழில்முறை அணியான சிக்காகோ பெயர்ஸும் மோதின. 79,432 பேர் பார்த்திருந்த அந்த ஆட்டம் ஒரு புள்ளிகூட இல்லாமல் 0–0 எனச் சமநிலையில் முடிந்தது. 1937 இல் கல்லூரி அணி முதற்தடவையாக வென்றது. பின்னர் சில ஆண்டுகளில் வெற்றிகள் அடுத்தடுத்தும் வந்தன. 1963 இல் கிறீன் பே பக்கர்ஸை 20–17 என வென்றதே அவர்களின் கடைசி வெற்றி. 1976 இல் கொட்டும் மழையில் ஆட்டம் இடைநடுவே கைவிடப்பட்டபோது பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் 24–0 என முன்னிலையில் இருந்தது. அத்தோடு அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டது.

மொத்தம் 42 ஆட்டங்கள். தொழில்முறையினருக்கு 31 வெற்றி, கல்லூரியினருக்கு 9, சமநிலை 2. ஒரு நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கியெடுத்த அணிக்கே இதுதான் கணக்கு. அதிலும் ஆரம்பகாலத்தில் இடைவெளி குறைவு. காலம் செல்லச் செல்ல அது அகன்றது. தொழில்முறைக் கழகங்களுக்குப் பணமும் பயிற்றுநர்களும் மருத்துவர்களும் சேரச்சேர, சில வாரங்கள் மட்டும் கூடிப் பயின்ற மாணவரால் எட்ட முடியாத தூரத்துக்கு அவை சென்றுவிட்டன.

தூர தேசத்துக் கதைகள் போதும். நமக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு அணியொன்று சம்பந்தப்பட்ட உதாரணம் ஒன்றிருக்கிறது. 2017 ஒக்ரோபரில் இந்தியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் நடைபெற்றது. அதில் ஆடிய இந்தியப் பையன்களைக் கலைந்துபோக விடாமல், அவர்களையே பெரும்பான்மையாகக் கொண்டு 'இந்தியன் அரோஸ்' என்ற பெயரில் ஓர் அணியை அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஐ-லீக் தொழில்முறைத் தொடரில் இறக்கியது. வயதால் அவர்கள் நமது உயர்தர வகுப்பு மாணவர்கள். அவ்வாண்டு நவம்பரில் தமது முதலாட்டத்திலேயே சென்னை சிற்றி அணியை 3–0 என வென்றார்கள். டிசம்பரில் ஷில்லொங் லஜொங் அணியையும் அதே கணக்கில் வென்றார்கள். பத்திரிகைகள் வியந்தன.

தொடர் முடிந்தபோது அரோஸ் அணி பத்து அணிகளுள் பத்தாவது இடத்தில் இருந்தது. முதல் நாளில் அவர்களிடம் தோற்ற சென்னை சிற்றியோ மறு பருவத்தில் ஐ-லீக் சம்பியன் ஆனது. கல்லூரி வயது அணியால் ஒரு மாலைப்பொழுதை வெல்ல முடியும். ஒரு பருவத்தை வெல்ல முடியாது. தேநீர்க் கடையில் நான் சொன்ன 'ஒருநாள் வெல்லலாம்' என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஏன் இப்படி? இதில் மந்திரமில்லை. உதைபந்தாட்டம் கோல்கள் மிகக் குறைவாக விழும் ஆட்டம். ஒரு தவறு, ஒரு தண்ட உதை, பந்துக்காப்பாளரின் ஒரு நல்ல நாள் ஆகியன பலவீனமான அணிக்கும் வழிவிடும். கூடைப்பந்திலோ கிரிக்கெட்டிலோ நூற்றுக்கணக்கான சிறு நிகழ்வுகள் சேர்ந்து முடிவைத் தீர்மானிப்பதால் வல்லவன் தப்பிப்பது எளிது. உதைபந்தாட்டத்தில் ஒன்றிரண்டு நிகழ்வுகள் போதும். ஆகவே ஒற்றை ஆட்டத்தில் அதிர்ச்சிக்கு எப்போதும் இடமுண்டு. பதினெட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் அந்த அதிர்ஷ்டம் கரைந்துவிடும். உடலும் பழக்கமும் மட்டுமே மிஞ்சும்.

வன்னியில் பாடசாலை அணிகள் வளர்ந்தோர் கழகங்களுடன் சிநேகபூர்வமாக ஆடிய ஆட்டங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். இடைவேளை வரை மாணவரே ஓடுவார்கள். பந்தும் பெரும்பாலும் அவர்கள் காலில்தான் இருக்கும். கடைசி இருபது நிமிடங்களில் ஆட்டம் வேறாகிவிடும். இருபத்தாறு வயதுக்காரர் தோளைக் கொடுத்தால் பதினெட்டு வயதுப் பையன் சரிவான். அதைவிட முக்கியமாக, மூத்தவர் எங்கே ஓட வேண்டும் என்பதோடு எங்கே ஓடத் தேவையில்லை என்பதையும் அறிவார். அது பிறவித் திறனன்று. வேலைக்குப் போகும் கவலையின்றி, நாள்தோறும் அதே பதினொருவருடன் ஆடி வருவது. 1883 இல் ஓவல் மைதானத்தின் மேலதிக நேரத்தில் நடந்ததும் இதுதான்.

இனி நமது நாட்டின் 'தொழில்முறை' யார் என்ற கேள்விக்கு வருவோம். இலங்கையில் நெடுங்காலமாக உதைபந்தாட்டத்தால் மாதச் சம்பளம் பெற விரும்பியவனுக்கு இருந்த முக்கிய வழி இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர்வது. வேலையும் கிடைக்கும், ஆட்டமும் கிடைக்கும். வன்னிப் பையன் ஒருவனுக்கு அந்த வழி எவ்வளவு தூரம் வழியாக இருந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021 இல் நாட்டின் முதலாவது தொழில்முறைத் தொடர் என்ற அறிவிப்போடு சுப்பர் லீக் தொடங்கியது. பத்துக் கழகங்கள் பங்குபற்றின. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் அதில் இல்லை. அத்தொடரை வென்றது களுத்துறையின் புளூ ஸ்ரார் கழகம். 2022 ஏப்ரலில் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனக் கிண்ணத்திற்கான தகுதிகாண் ஆட்டத்தில் அது கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. நமது தொழில்முறைச் சம்பியன், அடுத்த நாட்டுத் தொழில்முறையின் முன் கல்லூரி அணிபோல் நின்றது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தையே சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் மாதமாயிற்று.

ஆகவே எங்கள் பையன்கள் கொழும்பு அணியை வெல்வார்களா என்று கேட்பவருக்கு நான் துணிந்து சொல்வேன்: ஏனைய நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி இங்கே சிறியது. பத்துத் தடவை ஆடினால் ஓரிரு தடவை வெல்வார்கள். ஆனால் எனக்கு உறுத்தும் கேள்வி அதுவன்று. வென்ற மறுநாள் அந்தப் பையன் எங்கே போவான்?

இதை எழுதும்போது ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. 2002 இல் போர்நிறுத்தம் வந்த பின்னரான ஒரு பருவத்தில், கிளிநொச்சியில் நடந்த பாடசாலைப் போட்டியொன்றில் இடது ஓரத்தில் ஆடிய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பந்தைக் காலோடு ஒட்டிவைத்து ஓடுவான். இரண்டு பந்தி எழுதி, 'எதிர்கால நட்சத்திரம்' என்று முடித்தேன். விளையாட்டுச் செய்தி எழுதுவோர் அனைவரும் பழகிப்போன சொல் அது. அதன்பிறகு அவனை நான் தேடவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் வவுனியாவில், கட்டடம் கட்டும் இடமொன்றில் மேசன் வேலை செய்துகொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர்தான்.

"நீங்கள் எழுதின அந்தத் துண்டை வெட்டி வைச்சிருந்தனான், அண்ணை. மாத்தளனில உடுப்புப் பையோட போட்டுது."

விளையாட்டை ஏன் விட்டாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் விளையாட்டும் முடிந்தது என்றார். தூரத்துக் கழகம் ஒன்று அழைத்ததாம். தங்க இடமில்லை, போய்வர பஸ் காசுமில்லை. அதற்குப் பிறகு போர். அவர் குறைபட்டுச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. 'எதிர்கால நட்சத்திரம்' என்று எழுதியவன் அந்த எதிர்காலம் எந்த வாகனத்தில் வரும் என்று யோசிக்கவில்லையே என்ற வெட்கம் எனக்குத்தான்.

போர் இல்லாவிட்டாலும் அவர் மேசனாகியிருக்கக்கூடும். அந்த உண்மையைப் போரின் மேல் பழிபோட்டு மறைக்கக் கூடாது. இதே நாட்டில் கிரிக்கெட்டுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. 1982 இல் இலங்கை ஆடிய முதலாவது டெஸ்ற் போட்டியில் அரைச்சதம் அடித்த அர்ஜுன ரணதுங்க அப்போது ஆனந்தாக் கல்லூரி மாணவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிறீமியர் லீக்கில் இறங்கி, 2024 இல் ஐ.பி.எல். வரை சென்றார். ஒரு படி ஏறினால் அடுத்த படி தெரிகிறது. உதைபந்தாட்டத்தில் வடக்குப் பையனுக்குப் பாடசாலை என்ற முதற்படிக்குப் பின் சுவர்தான் இருக்கிறது.

படி கட்டுவது பெரும் பணத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. அரோஸ் அணியின் பாடம் அதுதான். கடைசி இடத்தில் வந்தார்கள். 2022 இல் அந்த அணியே கலைக்கப்பட்டது. ஆனால் அன்வர் அலி, சுரேஷ் சிங் வாங்ஜம் போன்றோர் அங்கிருந்து பெருங்கழகங்களுக்கும் இந்தியத் தேசிய அணிக்கும் சென்றார்கள். தோற்பதற்கென்றே வைத்திருந்த அணிபோல் தெரிந்தது உண்மையில் ஒரு படிக்கட்டாக இருந்தது. தோல்வியைப் பொறுத்துக்கொண்டு பையன்களை ஒன்றாக வைத்திருந்ததே அதன் சாதனை.

வன்னியிலும் இதற்கான மண் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மாலையானால் மணலில் பந்து உருள்கிறது. வவுனியாவில் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. மூன்று மாவட்டங்களிலும் பாடசாலையை விட்டு வெளியேறும் பையன்களுள் இருபது பேரைத் தேர்ந்து, இரண்டு ஆண்டுகள் கலையாமல் வைத்திருந்தால் போதும். ஒரு தங்குமிடம், ஒழுங்கான இரவுச் சாப்பாடு, வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, பஸ் காசு. பிளக்பேர்ண் வார்ப்பாலைக்காரர் 1883 இல் தம் நகரத் தொழிலாளருக்குக் கொடுத்ததும் ஏறத்தாழ இவ்வளவுதான். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதுமானது.

தேநீர்க் கடையில் என்னைச் சிரித்த தம்பிமாருக்கு என் முழுமையான பதில் இது. ஒருநாள் வெல்லலாம். நாட்டின் கல்லூரிகளையெல்லாம் சல்லடை போட்டுச் சேர்த்தாலும் நாலைந்து தடவைக்கு ஒரு தடவைதான் வெல்லலாம் என்று சிக்காகோக் கணக்குச் சொல்கிறது. ஒரே கல்லூரி என்றால் அதனினும் குறைவு. அந்த ஒருநாள் வெற்றியைக் கொண்டாடுங்கள்; தவறில்லை. ஆனால் வெடி கொளுத்தி முடிந்த பின்னர், அன்று கோல் போட்ட பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "தம்பி, அடுத்த வருசம் எங்கை விளையாடப் போறாய்?"

அதற்கு அவன் ஓர் ஊரின் பெயரையோ கழகத்தின் பெயரையோ சொல்லக்கூடிய நாளில், என்னிடம் கேட்ட கேள்வியை நீங்கள் மறுபடி கேட்கலாம்.